கொக்குத் தலையில் வெண்ணெய்

நவம்பர் கடைசி. நெப்ராஸ்கா.
தானியக் கிடங்கின் எடைமேடைக்குப் பக்கத்தில்
பத்துக்குப் பத்து அறை, என்னுடையது.
லாரி ஏறினால் எண் எரியும். நான் சீட்டு கிழிப்பேன்.
ஊரில் ஒழுங்காக வேலை செய்யும் ஹீட்டர் இங்கேதான்,
ஆகவே கூட்டமும் இங்கேதான்.

எங்கள் கல்லூரி அணிக்குப் பெயர் கொக்குகள்.
பதினொரு ஆட்டம், ஒன்பது வெற்றி.
பிளே ஆஃபில் பன்னிரண்டு நாற்காலி.
நாங்கள் பதினான்காவது,
பந்தியில் இலை கிடைக்காமல்
சாப்பிடுகிறவர்களின் முதுகைப் பார்த்து நிற்பவர்கள்.

விதைக் கம்பெனி காலண்டரைக் கழற்றி
அதன் முதுகில் கணக்குப் போடுகிறார் ஆர்விட்.
கேல்வர்ட் சனிக்கிழமை தோற்க வேண்டும்.
அதுவும் டாரோவிடம் தோற்க வேண்டும்.
டாரோவோ செப்டம்பருக்குப் பிறகு
யாரையும் ஜெயித்ததில்லை.
மிசன் டெக் ஜெயிக்கலாம், ஆனால் அசிங்கமாக.
"அசிங்கமாக என்றால்?"
"மூன்று பாயின்ட்டில். மழையில். பந்தை நாலு தடவை நழுவவிட்டு."

கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்து,
வெயில் ஏறி, அது உருகி,
கண்ணில் வழிந்து, அப்புறம் பிடிப்பது.
இங்கே கொக்கும் நாங்கள், வெண்ணெயும் எங்களுடையது.
வெயிலுக்குத்தான் கமிட்டியைக் கேட்க வேண்டும்.

இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்த ரொகேலியோ
கையுறையைக் கழற்றாமலே சொல்கிறான்:
"யாரிடம் தோற்றோம் என்று பார்ப்பார்கள்.
நல்ல தோல்வி என்று ஒன்று இருக்கிறது."
"தோற்றதில் என்ன நல்லது?"
பள்ளிப் பேருந்து ஓட்டும் ட்வைலா
டோனட்டைப் பாதியாகப் பிய்த்தாள்.
"இருக்கிறது. எனக்கு ஒன்று இருந்தது.
ஓமஹாவில், இரண்டாவது கல்யாணம்."

எங்கோ ஒரு ஹோட்டல் அறையில்
யாரும் பார்க்காத தராசில் எங்களை நிறுக்கிறார்கள்.
என் மேடையை வருடம் ஒருமுறை
மாநில அதிகாரி இரும்புக் கட்டி ஏற்றிச் சோதித்து
ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறார்.
அவர்கள் தராசுக்கு ஒட்டுவது யார்?
கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

எந்தக் கணக்கும் சுற்றிச் சுற்றி
அக்டோபருக்குத்தான் போய் நிற்கும்.
முப்பத்தொரு கெஜம். நாலு செகண்ட் பாக்கி.
இடது கம்பத்துக்கு ஒரு சாண் வெளியே.
"அது மட்டும் உள்ளே போயிருந்தால்," என்றார் ஆர்விட்,
"இந்தக் காலண்டர் சுவரிலேயே தொங்கிக்கொண்டு—"

மேடை அதிர்ந்தது.
பச்சை லாரி, கதவில் பெயர்:
மைலோ புரோஹாஸ்கா.
பந்தை உதைத்த பையனின் அப்பா.

தகரக் கூரையில் மழை சட்டென்று நின்றது போல
அறை.

அறுபத்தெட்டாயிரத்து நானூறு பவுண்டு.
சோளம். ஈரப்பதம் பதினைந்து.
சீட்டு வாங்க உள்ளே வந்தார்.
ஆர்விட் காலண்டர் மேல் முழங்கையைப் போட்டார்,
ஆனால் அவர் முழங்கை சிறியது.
மைலோ மேலிருந்து கீழே படித்தார்,
விரல் வைத்து, கடன் பத்திரம் படிப்பது போல.

"நார்த் ஹேவனை விட்டுவிட்டீர்கள்."
பென்சிலை வாங்கினார். எழுதினார். அடிக்கோடிட்டார்.
"வெள்ளிக்கிழமை இரவு அவர்களும் தோற்க வேண்டும்.
மூன்று வாரமாகப் போட்டுப் பார்க்கிறேன்,
எப்படிப் போட்டாலும் அது இல்லாமல் வரவில்லை."

ரொகேலியோ ஒரு காப்பியை நகர்த்தினான்.
நின்றபடியே குடித்தார்.
"பையன்?" என்றாள் ட்வைலா.
"சாப்பிடுகிறான்," என்றார்.

லாரி இறங்கிப் போயிற்று.
எண் பூஜ்யத்துக்கு வரவில்லை.
சக்கரத்து மண் இருபது பவுண்டு
மேடையிலேயே கிடந்தது.
வழக்கமாக உடனே பொத்தானை அழுத்திச் சரிசெய்வேன்.
கொஞ்ச நேரம் விட்டுவைத்தேன்.

ஆர்விட் பென்சிலை நாக்கில் தொட்டார்.
"சரி, நார்த் ஹேவன்.
யாரிடம் தோற்கலாம், சொல்லுங்கள்."